சுடுதண்ணீர் கேட்ட பிள்ளை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் தலைமைத் தாதி கேட்டபோது, முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஊசி போடுவதும் சேலைன் ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். உங்களுக்குக் கண் தெளிவு, கை நடுக்கமும் இல்லை. ஆனால் யாரிடம் எதைக் கேட்பது, யாரிடம் எதைக் கேட்காமல் விடுவது என்று நாங்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே ஒரு பழக்கத்தை வார்ட்டுக்குக் கொண்டுவருகிறோம். அதை எந்தத் தாதியர் கல்லூரியும் கழற்றிவிடுவதில்லை. அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்த கதையை மட்டும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், பிள்ளை தப்பிவிட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அப்பாடா என்றுதான் வரும்.

ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்புவரை நான் நின்றது ஆண்கள் வார்ட்டில். அங்கே நின்றவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளும். கட்டிலில் ஒரு பெடியன் வந்து விழுந்தால் பெயரைக் கேட்ட கையோடு, "தண்ணி பாவிக்கிறனியோ? சிகரெட்? கஞ்சா?" என்று கேட்டுவிடுவோம். அவனும் வெட்கப்படமாட்டான். சிலபேர் உள்ளதைவிட ஒரு மடங்கு கூட்டியே சொல்வார்கள், ஏதோ விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினமாதிரி.

அப்படி வந்தவன்தான் உரும்பிராயிலிருந்து ஒரு தோட்டக்காரப் பெடியன். விடாமல் சத்தி, ஓயாத வாந்தி. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. ஆனால் அவன் கேட்டது மருந்தல்ல, சுடுதண்ணீர். குளிக்க வேண்டுமாம். சித்திரை வெயிலில் வார்ட்டே வேகிறது, இவன் சுடுதண்ணீர் கேட்கிறான்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தம்பி, இது ஆஸ்பத்திரி, உன்ரை மாமியார் வீடில்லை," என்று பேசிவிட்டேன். எங்கள் பெரிய டொக்டர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கட்டிலடிக்கு வந்தார்.

"கஞ்சாவோ தம்பி?"

"ஓம் டொக்டர். கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால்?"

"பெடியளோடை இருக்கேக்கை... அவங்கள் அடிக்கிறளவு. ரெண்டு மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும்தான்."

டொக்டர் பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். நெடுநாள் கஞ்சா எடுக்கிற சிலருக்கு ஒரு கட்டத்தில் அது வயிற்றைத் திருப்பித் தாக்குமாம். சத்தி நிற்காது. கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். கஞ்சாவை அடியோடு விட்டால் தானாகவே சுகம். பெடியனும் சேலைனை ஏற்றிக்கொண்டு, என்னிடம் வேண்டிய மட்டும் பேச்சும் வாங்கிக்கொண்டு, சுகமாக வீட்டுக்குப் போனான். அவனுக்குக் கல்யாணம் நடக்குமா என்று ஒருவரும் கவலைப்படவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என்னைப் பெண்கள் வார்ட்டுக்கு மாற்றினார்கள். போன புதிதில் வந்து சேர்ந்தவள் தர்சிகா. தொண்டைமானாற்றுப் பிள்ளை, நெல்லியடியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. இருபத்துமூன்று வயது இருக்கும். தகப்பன் இல்லை. தாய், கடலுக்குப் போகிற அண்ணன், இவள், அவ்வளவுதான் குடும்பம். சத்தி என்று அந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

பெண்கள் வார்ட்டில் கல்யாணம் கட்டாத பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டு வந்தால் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது? மூன்று தடவையும் அதையேதான் கேட்டிருந்தார்கள். மூன்று தடவையும் சிறுநீரைச் சோதித்தார்கள். கர்ப்பம் இல்லை. ஸ்கானிலும் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு தடவையும் வயிற்றுப் புண் என்று குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாய்க்காரியோ சோதனையையும் நம்பவில்லை, ஸ்கானையும் நம்பவில்லை, மகளையும் நம்பவில்லை. கட்டிலடி வாங்கில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவரைப் பார்த்தால் செத்தவீட்டில் இருப்பவர்போலத்தான் இருந்தது.

இந்தத் தடவை விஷயம் கடுமை, வார்ட்டில் சேர்த்து ஒரு நாளாகியும் தெளியவில்லை. பிள்ளையின் உதடு வெடித்துக் கிடந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. "கிட்னி களைச்சுப்போச்சு. சேலைனிலை விட்டுப் பிடிச்சால் திரும்பும். இப்ப வீட்டை கொண்டுபோனால் பிள்ளையைக் காப்பாத்தேலாது," என்று காலையில் பார்க்க வந்த, இரண்டு வார்ட்டுக்கும் பொறுப்பான அதே பெரிய டொக்டர் தாயிடம் நேரே சொன்னார். சொல்லிவிட்டு அவர் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார்.

அவர் போனதுதான் தாமதம், பக்கத்துக் கட்டில்காரி வாயைத் திறந்தார். அவரும் தொண்டைமானாறு. பிரஷருக்கு வந்து படுத்திருந்தாலும் ஊர்ப்புதினம் கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

"என்ன, பிள்ளை மூண்டாந்தரமும் சத்தியெண்டு வந்திருக்கிறாள்? என்னவாம் சொல்லுகினம்?"

"வயித்துப்புண்ணாம்," என்றார் தாய்.

"ஓ... வயித்துப்புண்," என்று மற்றவர் இழுத்த இழுவையில் எனக்கே கை துருதுருத்தது.

தாய் எழும்பி நேரே என்னிடம் வந்தார். "மிஸ்ஸி, நாங்கள் பிள்ளையைக் கொண்டுபோறம். மகனை ஓட்டோவோடை பின்னேரம் வரச் சொல்லிப்போட்டன். எங்கை கையெழுத்து வைக்கிறது?"

"டொக்டர் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதானே அம்மா? பிள்ளை செத்துப்போவாள்."

"இஞ்சை கிடந்து மானம் போறதுக்கு அது பரவாயில்லை."

பிள்ளைகளே, உங்களிடமும் ஒரு நாள் இப்படி ஒருவர் வந்து சொல்லுவார். அந்த நேரம் கோபம் வரும். எனக்கும் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் தாயோடு சண்டை பிடித்தால் அவர் பின்னேரம்வரைகூடப் பொறுக்கமாட்டார், உடனேயே கூட்டிக்கொண்டு நடந்துவிடுவார். ஆகவே வாயை அடக்கினேன். "சரி அம்மா, இந்தச் சேலைன் போத்தல் முடியட்டும். பாதியிலை கழட்டினால் கூடாது," என்றேன். அது முடிய அடுத்ததைக் கொழுவினேன். "இதுவும் முடியட்டும்," என்றேன். தாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

அந்த இடைவெளியில்தான் தர்சிகா வாயைத் திறந்தாள். "மிஸ்ஸி, கொஞ்சம் சுடுதண்ணி எடுக்கலாமோ?"

குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கேத்திலில் இருந்து ஒரு பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் குடிக்கவில்லை. துவாயை அதற்குள் நனைத்து, ஆவி பறக்கப் பறக்க வயிற்றில் போட்டாள். போட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. துவாயைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றுத் தோல் முழுக்க வலைக்கண்மாதிரிக் கருஞ்சிவப்புத் தழும்பு. ஒரு நாளில் வந்த தழும்பல்ல அது.

"உதென்ன பிள்ளை?"

தாய்தான் பதில் சொன்னார். "அதை ஏன் கேக்கிறியள் மிஸ்ஸி! வீட்டிலையும் உதுதான். கிணத்தடிக்கே போறேல்லை. பானை பானையாத் தண்ணி கொதிக்கவைச்சுக் குளிக்கிறாள். விறகு வெட்டி எனக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு."

எனக்குப் பொறி தட்டியது. உரும்பிராய்ப் பெடியன் கண் முன்னால் வந்து நின்றான். அதே சத்தி, அதே சுடுதண்ணீர். அவனிடம் கேட்ட கேள்வியை இவளிடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? அட கடவுளே, பொம்பிளைப்பிள்ளையிடம் அதைக் கேட்கிற பழக்கம் எங்கள் ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஊரிலும் இல்லை.

முதலில் தாயை அங்கிருந்து கிளப்ப வேண்டும். "அம்மா, ஆஸ்பத்திரி வாசல்லை செவ்விளநி விக்கிறாங்கள். நல்லதாப் பாத்து ஒண்டு வெட்டுவிச்சுக்கொண்டு வாங்கோ," என்று அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் மறைப்புத் துணியை இழுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"பிள்ளை, கஞ்சா பாவிக்கிறனியோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வை! அறைந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். "சீ, என்ன மிஸ்ஸி கேக்கிறியள்? நான் சிகரெட்டைக்கூடத் தொட்டுப் பாத்ததில்லை."

பொய் இல்லை. முகத்தில் தெரிந்தது. இங்கேதான் பிள்ளைகளே, கவனம். ஆண்கள் வார்ட்டுக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து பெண்கள் வார்ட்டில் போட்டால் வேலைக்காகாது. கஞ்சா என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அது மதவடியில் குந்தியிருந்து பெடியங்கள் புகைக்கிற சாமான். தங்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கலாம் என்று அவர்கள் நினைக்கவே மாட்டார்கள். பிறகு வேறு வழியால் போனேன்.

"சரி, அதை விடு. மாதத்திலை சுகமில்லாமல் வரேக்கை உனக்கு வயித்துக்குத்து இருக்கோ?"

அவ்வளவுதான். பிள்ளைக்குக் கண் நிரம்பிவிட்டது.

"இருக்கோவெண்டோ கேக்கிறியள்? பள்ளிக்கூடத்திலையே மயங்கி விழுந்திருக்கிறன் மிஸ்ஸி."

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான். எல்லாருக்கும் உதுதான், கலியாணம் கட்டிப் பிள்ளை பெத்தாச் சரியாப் போகுமெண்டு சொன்னவ."

"நோவுக்கு என்ன எடுக்கிறனி?"

அவள் மறைப்புத் துணியைப் பார்த்தாள். தாய் இன்னும் வரவில்லை. "அண்ணையின்ரை லேகியம்," என்றாள்.

ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்தேன். படகு எஞ்சினைத் தூக்கியதில் அண்ணன் சுதனுக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது. நித்திரை கொள்ள முடியாத வலி. ஊருக்குள் நல்ல பெயரெடுத்த ஒரு பரியாரியார் லேகியம் கொடுத்தார். அதில் சுத்திசெய்த கஞ்சா இலை சேரும். பதிவுபெற்ற நாட்டு வைத்தியருக்கு அதற்கு அனுமதி உண்டு, களவு ஒன்றும் இல்லை. இரவில் சுண்டைக்காயளவு என்று அளவும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். அண்ணனுக்கு நோவும் குறைந்தது, நித்திரையும் வந்தது.

ஆனால் தாய்க்குப் பயம் பிடித்துவிட்டது. பெடியன் இதிலேயே பழகிப்போய்க் கஞ்சாக்காரனாகிவிடுவான் என்று பயம். லேகியப் பேணியை அவன் கையில் கொடுக்கக்கூடாது. எங்கே வைப்பது? மகளின் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பையும் மகளிடமே கொடுத்தார். இரவில் தமையனுக்கு அளந்து கொடுக்கிற பொறுப்பும் அவளுக்குத்தான். பொம்பிளைப்பிள்ளைதானே, தொடமாட்டாள்!

"ஒருநாள் வயித்துக்குத்துத் தாங்கேலாமல் அண்ணைக்குக் குடுக்கிறதிலை கொஞ்சம் வாயிலை போட்டன் மிஸ்ஸி. அண்டைக்குத்தான் முதல்முதலா நோவில்லாமல் வேலைக்குப் போனனான். பிறகு மாதத்திலை அந்த நாளுக்கு மட்டும் எடுத்தன். பிறகு நோ வந்திடுமோ எண்டு பயத்திலை முதலே எடுத்தன். பிறகு ஒவ்வொரு நாளும் காலமை, பஸ்ஸுக்குப் போகமுன்னம்... ரெண்டு வருசமா."

"சத்தி வந்தாப்பிறகும்?"

"சத்திக்கும் அது நல்லமெண்டு நினைச்சுக் கூட்டி எடுத்தன்."

பார்த்தீர்களா? நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறாள், பாவம். ஆண்கள் வார்ட்டுப் பெடியங்கள் கூட்டமாக இருந்து எடுப்பார்கள், சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நோவுக்கென்று தொடங்கியவன்கூட நண்பர்களுக்கு ஒரு பகிடியாகவாவது அதைச் சொல்லியிருப்பான். இவள் தனியாக, பூட்டிய அலுமாரிக்கு முன்னால் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளும் தவறாமல் எடுத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது. அளவு சொல்லவும் ஆளில்லை, நிறுத்து என்று சொல்லவும் ஆளில்லை. இவளுக்குப் பிறகும் இப்படிச் சில பிள்ளைகளைக் கண்டேன். ஏறக்குறைய எல்லாரும் நோவுக்கும் நித்திரைக்கும் மனப் பதற்றத்துக்கும் என்றுதான் தொடங்கியிருந்தார்கள். ஒருத்திகூடத் தானாகச் சொன்னதில்லை.

"உந்த லேகியத்துக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டு, இருப்பதைச் சொன்னேன். அவள் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அண்ணையெண்டால் கஞ்சாவெண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டு விட்டிடுவினம். நானெண்டால் என்ன சொல்லுவினம்?"

அவள் சொன்னது நியாயம். ஒன்று மட்டும் சொன்னேன். "டொக்டருக்குக் கட்டாயம் சொல்லவேணும், அது உன்ரை உயிர். அம்மாவுக்கு நான் சொல்லமாட்டன். நீயாச் சொல்லுறதெண்டால் பக்கத்திலை நிப்பன். சொல்லாட்டி அவ பின்னேரம் உன்னைக் கூட்டிக்கொண்டு போடுவா." அவசரத்தில் நின்றாலும் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் கதையை அவளைக் கேட்காமல் தாயிடம் ஒப்புவிக்க எங்களுக்கு உரிமை இல்லை. தாய் மானத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டோவுக்குக் காவல் நின்றாலும் இல்லை.

சத்திரசிகிச்சை அறை வாசலில் டொக்டரைப் பிடித்துச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சுடுதண்ணியோ? நேத்துச் சொல்லியிருந்தால் நேத்தே கேட்டிருப்பன்." நேரே கட்டிலுக்கு வந்து அவளிடம் தன்மையாகப் பேசினார், மருந்தை மாற்றினார். "விட்டால் சுகம் பிள்ளை, முழுச் சுகம். ஆனா இனிச் சுண்டைக்காயளவும் கூடாது," என்றார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

நான்கு மணிக்கு, வாசலிலேயே மகனுக்காகக் காத்து நின்ற தாய் இளநீர்க் கோம்பையோடும் சுதன் ஓட்டோக்காரனோடும் ஒன்றாக வந்து நின்றார்கள். நான் மறைப்பை இழுத்துவிட்டு உள்ளேயே நின்றேன். தர்சிகா போர்வையைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, அண்ணையின்ரை லேகியத்தை நான்தான் திண்டனான். அதாலைதான் சத்தியாம். அதுக்குள்ளை கஞ்சா."

தாய் கோம்பையைக் கட்டிலடியில் வைத்தார்.

"அப்ப... பிள்ளை இல்லையோ?"

"இல்லையம்மா. எத்தினைதரம் சொன்னனான்!"

"கஞ்சாதானோ?" என்று தாய் கேட்டார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "என்ரை சந்நிதி முருகா! கஞ்சாதான்! கஞ்சாதான்!" என்று கத்தினாரே பார்க்கலாம். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓட்டோக்காரப் பெடியன் வெளியே ஓடிவிட்டான். பொலிஸ் வந்துவிடும் என்று பயந்தானோ என்னவோ. நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நின்றவள், கஞ்சா என்று கேட்டுச் சாமி கும்பிட்ட தாயை அன்றுதான் கண்டேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் மகளைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு அப்பவே விளங்கினது பேணி கெதியா முடியுதெண்டு," என்றான் சுதன் தலையைச் சொறிந்துகொண்டு. "பரியாரி ஐயாவும் நான்தான் அளவுக்கு மிஞ்சித் தின்னுறனெண்டு பேசினவர்."

"அப்ப ஏன் தம்பி கேக்கேல்லை?" என்றேன்.

"நான் எலி தின்னுதெண்டு நினைச்சன் மிஸ்ஸி."

எலி! பூட்டிய அலுமாரிக்குள் எலி புகுந்து கஞ்சா லேகியம் தின்னும், ஆனால் தங்கச்சி தின்னமாட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். தாயும் சிரித்தார், சுதனும் சிரித்தான். ஓட்டோவைத் திருப்பி அனுப்பியாயிற்று. எல்லாருக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. எனக்கும்தான். தேத்தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று திரும்பினேன்.

"மிஸ்ஸி," என்றாள் தர்சிகா. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என்ரை வயித்துக்குத்துக்கு இனி என்ன செய்யிறது?"

தாய் மகளின் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தது அந்த நோவைத்தான். கர்ப்பமா என்று தேடினோம், புண்ணா என்று தேடினோம், கடைசியில் கஞ்சாவைக் கண்டுபிடித்துவிட்டு எல்லாருமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றோம். நோவு அப்படியே கிடந்தது. நான் தேத்தண்ணீரை விட்டுவிட்டு டொக்டரிடம் திரும்பப் போனேன். அவர் பெண்நோயியல் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்.

சிறுநீர் ஒழுங்காகி, சத்தியும் நின்று, அவள் வீட்டுக்குப் போனாள். முதல் கொஞ்ச நாள் நித்திரையில்லாமல் எரிந்து விழுந்தாளாம். பிறகு சரியாகிவிட்டாள். சுதனின் பேணி இப்போது சுதனிடமே இருக்கிறது. கிளினிக்கில் பார்த்தபோது அவளுடைய கருப்பையில் சிகிச்சை செய்ய வேண்டிய நோய் ஒன்று இருந்தது தெரியவந்தது. எல்லாருக்கும் இருக்கிற உதுவல்ல அது. அதற்கு மருந்தும் இருக்கிறது.

இரண்டாவது கிளினிக்கில் அவளையும் தாயையும் வரிசையில் கண்டேன். பிள்ளையின் முகத்தில் சதை வைத்திருந்தது. இப்போது கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாளாம். பிரஷர் மருந்து எடுக்க வந்த பழைய பக்கத்துக் கட்டில்காரியும் அந்த வழியால் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு இன்னும் சுகமில்லையோ? என்னவாம்?" என்று தொடங்கினார்.

அன்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த அதே தாய், வரிசை முழுக்கக் கேட்கிறமாதிரிச் சொன்னார். "சுகமில்லாமல் வரேக்கை வயித்துக்குத்து. அதுக்கு இஞ்சை நல்ல மருந்து குடுக்கினம். ஏன், உங்கடை மகளுக்கும் இருக்கோ?"

மற்றவர் அக்கம் பக்கம் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, "ஓம்... உவளும் நாள் முழுக்கப் படுத்துத்தான் கிடப்பாள்," என்றார்.

அடுத்த கிளினிக்குக்குத் தன் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார். மெலிந்த பிள்ளை. வாங்கில் இருத்தி, "நோவுக்கு என்ன எடுக்கிறனி பிள்ளை?" என்று கேட்டேன். பிள்ளை தாயைப் பார்த்தாள்.

நான் தாயை இளநி வாங்க அனுப்பினேன்.